பாவாடைக்குள் இரண்டு பை

கேள்வி: ஆங்கிலப் படங்களில் அந்தக் காலத்துச் சீமாட்டிகள் தரையைப் பெருக்கும் கவுனோடு வருகிறார்கள். கையில் பையே இருப்பதில்லை. பணம், சாவியெல்லாம் எங்கே வைத்திருப்பார்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பாவாடைக்குள்தான்! 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களின் கோட்டிலேயே பை வைத்துத் தைத்தார்கள். பெண்களுக்கோ அது தனி உருப்படி. பேரிக்காய் வடிவத்தில் இரண்டு துணிப்பைகள், பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கும்படி நாடாவால் இடுப்பில் கட்டியிருக்கும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை அளவுக்கு நினைத்துவிடாதீர்கள். 40 சென்டிமீட்டர் நீளப் பைகள்கூட உண்டு. வாய் மேலே கிடையாது, முன்பக்கம் நெடுக்காக ஒரு திறப்பு. அதன்மேல் பாவாடை, அதற்கும் மேல் கவுன். இரண்டிலும் பக்கவாட்டில் தைக்காமல் இடம் விட்டிருப்பார்கள். கையை விட்டால் நேரே பைக்குள் போகும்.

சாவிக்கொத்து, கத்தரிக்கோல், விரலுறை, மூக்குப்பொடி டப்பி, கடிதம், தின்பண்டம் எல்லாம் அதற்குள் அடக்கம். வெளியே யாருக்கும் தெரியாத இந்தப் பையில் பூவேலைப்பாடு செய்து, உரிமைக்காரியின் பெயரெழுத்தையும் தைத்துவைத்திருக்கிறார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இத்தகைய பைகள் இருக்கின்றன.

நாடா அவிழ்ந்தால் பை போச்சு. ‘லூசி லாக்கெட் பையைத் தொலைத்தாள், கிட்டி ஃபிஷர் கண்டெடுத்தாள்’ என்று ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு இருக்கிறது. தைத்த பையை யாராவது தொலைக்க முடியுமா? கட்டிய பை என்று தெரிந்தால்தான் பாட்டே புரிகிறது. எடுத்தவளுக்கும் லாபமில்லை. உள்ளே சல்லிக்காசு கிடையாது, சுற்றிலும் நாடா மட்டும்தான்!

1790களில் மார்புக்குக் கீழேயே இறுக்கிப் பிடித்து, ஒட்டினாற்போல் விழும் மெல்லிய மஸ்லின் கவுன்கள் வந்தன. வங்காளத்திலிருந்து போன மஸ்லினுக்கு அங்கே ஏக மவுசு. அதன் அடியில் சாவிக்கொத்தோடு பையைக் கட்டினால் புடைத்துக்கொண்டு நிற்குமே! ‘ரெட்டிக்யூல்’ என்ற குட்டிக் கைப்பையை வெளியே தூக்கிக்கொண்டு அலைந்தார்கள் நாகரிகக்காரிகள். கைக்குட்டையும் சில நாணயங்களும் வைத்தால் நிறைந்துவிடும். இரண்டு கையும் வீசி நடந்தவளின் ஒரு கையைக் கட்டிப்போட்டதுதான் அந்த நாகரிகம் என்பேன். உழைக்கும் பெண்கள் அதற்கு மயங்கவில்லை. கட்டும் பை 19ஆம் நூற்றாண்டிலும் அவர்கள் இடுப்பில் தொடர்ந்தது.

கேள்வி: அப்படியானால் என் சுடிதாரில் ஏன் பை இல்லை?
– அதே வாசகி

பதில்: கேட்டால்தானே வைப்பார்கள்! துணி கொடுக்கும்போதே வலப்பக்கத் தையலில் ஒரு பை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கால் மீட்டர் துணி கூடுதலாகக் கொடுங்கள். ‘லேடீஸுக்கு அதெல்லாம் நன்றாக இருக்காது’ என்று தையல்காரர் இழுப்பார். விடாதீர்கள். கைபேசியைக் கொடுத்து, அதன் உயரத்துக்கு மேல் நான்கு விரற்கடை ஆழம் வைக்கச் சொல்லுங்கள்.