மூடிய டின்னுக்குள் பயறு வண்டு வந்தது எப்படி?

கேள்வி: வீட்டுத் தேவைக்காக 20 கிலோ பச்சைப் பயறை இரண்டு நாள் காயவைத்து, வேப்பிலை போட்டு டின்னில் மூடி வைத்தேன். ஒன்றரை மாதத்தில் பயறெல்லாம் ஓட்டை, டின் நிறைய வண்டு. மூடிய டின்னுக்குள் எப்படி வந்தது? மூட்டைகளுக்குப் போடும் மாத்திரையை உள்ளே வைக்கலாமா?

பதில்: மாத்திரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் அலுமினியம் பாஸ்பைடிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு, அந்த வீட்டில் தூங்குபவர்களையும் கொன்றுவிடும்.

இந்த வண்டு வயலிலிருந்தே பயறோடு வந்திருக்கும். நெற்று முற்றும்போதே அதன்மேல் முட்டையிடும். டின்னில் உள்ள ஒரு பயறை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் புள்ளிதான் முட்டை. அதன் அடிப்பக்கமாகவே துளைத்துப் புழு உள்ளே போய்விடும். வளர்ந்ததும், வெளியேற வேண்டிய இடத்தில் தோலை மட்டும் மெல்லிசாக, வட்டமாக விட்டுவைக்கும். பிறகு வண்டாகி அந்த மூடியைத் தள்ளிக்கொண்டு வரும். வெப்பமான நாட்களில் இதற்கெல்லாம் சுமார் 4 வாரம்தான். வெளியே வந்த வண்டு பயறைத் தின்னாது. முட்டையிட்டுவிட்டு இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். தின்பது உள்ளே இருக்கும் புழு. அதனால்தான் புடைத்து வண்டை அகற்றினாலும் மறுபடி வருகிறது. வேப்பிலையும் அந்தப் புழுவை எட்டாது.

இப்போது புடைத்து ஓட்டைப் பயறைக் கழித்துவிட்டு, மீதியைக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்துங்கள். உச்சி வெயிலில் உள்ளே 60 டிகிரி செல்சியஸ் ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். பயறு கொஞ்சம்தான் என்றால், இறுகக் கட்டிய பையில் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள், பயறில் ஈரம் படிந்துவிடும்.

நன்றாக ஆறிய பிறகு கிலோவுக்கு 5 மி.லி. சமையல் எண்ணெய் விட்டு, எல்லாப் பயறிலும் படும்படி பிசறுங்கள். புது முட்டை மூச்சு முட்டிச் சாகும். உள்ளே போய்விட்ட புழுவை எண்ணெய் எதுவும் செய்யாது, ஆகவே வெயில்தான் முதலில். எண்ணெய் கூடினால் சிக்குவாடை வரும். டின்னை விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

அடுத்த முறை, முற்றிய நெற்றைச் செடியிலேயே விட்டுவைக்காமல் உடனே பறித்து அடித்துவிடுங்கள். இரண்டு நாள் வெயில் போதுமா என்பதைப் பல்லால்தான் சோதிக்க வேண்டும்: கடித்தால் பயறு நசுங்காமல் 'டக்'கென்று உடைய வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. சமையலுக்கு வேண்டியதை உடைத்துப் பருப்பாக வைத்தால், அதில் இந்த வண்டு எளிதில் பெருகாது.