மனிதனுக்கு முன் சிம்பன்சியை ஏன் விண்ணுக்கு அனுப்பினார்கள்? கருவிகள் போதாதா?

போதாது. கேபினின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் கருவி அளந்துவிடும். எடையற்ற நிலையில் ஓர் உயிர் கவனம் சிதறாமல் கையை நீட்டி வேலை செய்யுமா என்பதை அது சொல்லாது.

1961 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஹாம் என்ற சிம்பன்சியை மெர்க்குரி-ரெட்ஸ்டோன் ராக்கெட்டில் அனுப்பியது அதற்குத்தான். அதற்கு மூன்றரை வயதுதான், குழந்தைப் பருவம். நீல விளக்கு எரிந்ததும் 5 வினாடிக்குள் நெம்புகோலைத் தள்ள வேண்டும். தவறினால் உள்ளங்காலில் மின் அதிர்ச்சி. தரையில் செய்ததைவிட நொடியில் ஒரு துளிதான் தாமதம்!

ஆனால் ராக்கெட் சரியாக நடந்துகொள்ளவில்லை. சுமார் 185 கி.மீ. உயரம் போக வேண்டிய கலம் 250 கி.மீ.யைத் தாண்டியது. நடுவழியில் ஒரு வால்வு திறந்துகொள்ள, கேபினில் அழுத்தம் இறங்கியது. ஹாம் தனியாக மூடிய படுக்கைப் பெட்டிக்குள் இருந்ததால் தப்பித்தது. அட்லாண்டிக்கில் விழுந்த கலத்துக்குள் தண்ணீர் வேறு புகுந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது. ஹாமை நினைத்தாலும் அப்படித்தான்.

இந்தக் கோளாறுகளைப் பார்த்துத்தான் மார்ச் 24-ல் ஆளில்லாமல் இன்னொரு சோதனை வைத்தார்கள். அப்புறம்தான், மே 5-ல், விண்ணுக்குப் போன முதல் அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்ட் பறந்தார். ஹாம் 1983 வரை உயிரோடு இருந்தது.