டிராகனுக்குத் தீ எங்கிருந்து?

கேள்வி: என் கதையில் 250 கிலோ எடையுள்ள டிராகன் வருகிறது. வயிற்று மீத்தேனைப் பற்றவைத்துத் தீ கக்க முடியுமா? தினமும் எவ்வளவு தின்னும்?

பதில்: மீத்தேன் வேண்டாம். ஒரு கன மீட்டர் வாயுவின் எடை முக்கால் கிலோகூட இல்லை; போதுமான எரிபொருள் சேர்க்க மிகப் பெரிய பை வேண்டும். அவ்வளவு பெரிய பையோடு எப்படிப் பறக்கும்? எதிரிமேல் கொதிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் பாம்பார்டியர் வண்டைப் பாருங்கள், அற்புதமான அமைப்பு! அதன் உடலில் ஒரு பையில் ஹைட்ரோகுவினோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரு வேதிப்பொருள்கள். அடுத்த தடித்த அறையில் வேதிவினையை வேகப்படுத்தும் நொதிகள். கலந்ததும் 100 டிகிரியில் பீய்ச்சும். அழுத்தம் ஏறினால் வால்வு தானே மூடிக்கொள்ளும். நொடிக்குச் சுமார் 500 துடிப்பு. இடைவிடாமல் பீய்ச்சினால் சொந்த உடம்பே வெந்துவிடும். ஆனால் இது கொதிநீர்தான், தீயல்ல. தீ வேண்டுமென்றால் எளிதில் பற்றும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றைச் சேருங்கள்.

எடை சரிதான்: டைனோசர் காலத்தில் வாழ்ந்த குவெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனவும் ஏறக்குறைய அவ்வளவே. வெப்ப ரத்தப் பிராணியென்றால் சும்மா கிடக்கவே தினம் 4,400 கிலோ கலோரி. பறந்து வேட்டையாட அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது பத்துக் கிலோ இறைச்சி.