சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு 3 லட்சம் கட்டிப் போகலாமா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம், சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன், சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு ஏஜெண்ட் 3 லட்சம் கேட்கிறார், வட்டிக்கு வாங்கிக் கட்டலாம் என்கிறார்கள், போனால் மிச்சம் பிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

போகலாம். ஆனால் 3 லட்சம் கட்டிப் போகாதீர்கள். நம் பக்கத்தில் போகலாமா வேண்டாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு கடனோடு போகிறோம் என்று உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் குறைவு. வெளிநாடு போனவன் தேறுவானா மாட்டானா என்பது பாதிக்கு மேல் திருச்சியில் விமானம் ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது.

நான் ஒரத்தநாட்டுக்காரன். சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலையில் சேர்ந்து, பிறகு சூப்பர்வைசராகி, பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன். இப்போது விவசாயம் பார்க்கிறேன். நண்பர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து வாங்கிய பெல்ட் அறுவடை மெஷின் ஒன்று ஓடுகிறது. அந்த மெஷின் சிங்கப்பூர்க் காசு. அதனால் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் கணக்கு. புதிதாகப் போகிறவருக்கு நாளுக்கு 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 26 நாளுக்கு 520 வெள்ளி. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்பது அங்கே சட்டம், ஆனால் அது பேசிக்கின் மேல் போடுகிற ஒன்றரை. மணிக்கு 4 வெள்ளி சொச்சம்தான் வரும். மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் பார்க்கவும் கூடாது. ஒரு 66 மணி பார்த்தால் 270 வெள்ளி. ஆக மொத்தம் 790. சாப்பாடு, போன், சோப்பு, மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை பஸ் எல்லாம் சேர்த்து 200 போனால் கையில் 590. வெள்ளி 60 ரூபாய் என்று குறைத்தே போடுங்கள், ஏறக்குறைய 35,000 ரூபாய்.

இப்போது 3 லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 வட்டி மட்டும். வீட்டுச் செலவுக்கு 12,000 ஒதுக்கிவிட்டு மீதி 23,000-ஐ அப்படியே கடனுக்குக் கட்டினாலும், அசலும் வட்டியும் அடைய 15 மாதம் ஆகும். அங்கே வேலை செய்வதற்கான அனுமதி, அந்த பெர்மிட்டே இரண்டு வருஷத்துக்குத்தான் போடுவார்கள். அதில் 15 மாதம் கடன்காரனுக்கு உழைத்ததாகிறது. இடையில் மழை, வேலை இல்லாத மாதம், வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அதுவும் நீளும். என்னோடு தங்கியிருந்த பையன்களில் கடனோடு வந்தவனுக்கும் கடனில்லாமல் வந்தவனுக்கும் நடையிலேயே வித்தியாசம் தெரியும். கடன் இருப்பவன் சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். காய்ச்சலோடு சாரத்தில் ஏறுவான். சம்பளத்தில் பிடித்தாலும் கேட்க மாட்டான், திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்கிற பயம். கடன் காசை மட்டும் தின்பதில்லை, வாயையும் கட்டிவிடுகிறது. எனக்கு இதில்தான் மனசு அதிகம் கொதிக்கிறது.

சட்டப்படி எவ்வளவு வாங்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருஷ பெர்மிட்டானாலும் இரண்டு மாதச் சம்பளம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, டெஸ்ட் கட்டணம், டிக்கெட் என்று தனிச் செலவு உண்டுதான். அவற்றைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிற ஏஜெண்டிடம் பணம் கொடுக்காதீர்கள், அவர் உங்கள் மாமா முறையாக இருந்தாலும் சரி. மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் கேட்டு வாங்கி அதில் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கே என்ன ஆள் எடுப்பு நடக்கிறது என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் டிப்ளமோ என்பதால் உங்களிடம் ‘எஸ் பாஸ்’ என்று ஆசை காட்டுவார்கள். சாதாரண பெர்மிட்டுக்கு மேலே, நடுத்தரத் திறன் ஆட்களுக்குத் தருகிற அனுமதி அது. 2025 செப்டம்பரிலிருந்து புது எஸ் பாஸுக்குக் குறைந்தது மாதம் 3,300 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும். எஸ் பாஸ்தான், சம்பளம் 1,200 என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று பொய். 3,300 பேங்கில் போடுவோம், பாதியைக் கையில் திருப்பித் தந்துவிடு என்பார்கள். அது அங்கே குற்றம். அதற்கு உடன்பட்டுப் போகாதீர்கள்.

அடுத்து ஐபிஏ. பெர்மிட்டுக்கு முன்னால் வருகிற அனுமதிக் கடிதம். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, மாதம் என்னென்ன பிடிப்பார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். தமிழிலும் தருவார்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வது ஒன்று, ஐபிஏவில் இருப்பது ஒன்று என்றால் ஐபிஏதான் உண்மை. அது உண்மையான கடிதமா என்று சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம். அங்கே போன பிறகு குறைந்த சம்பளத்துக்கு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட வேண்டாம். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஐபிஏவில் உள்ள சம்பளத்தைக் குறைக்க முடியாது. மாதாமாதம் சம்பளச் சீட்டு வாங்கிப் போட்டோ எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். சம்பளப் பாக்கிக்குப் புகார் கொடுக்க ஒரு வருஷம்தான் கெடு, வேலையை விட்டு வந்துவிட்டால் ஆறு மாதம். அந்த நேரத்தில் நோட்டுதான் பேசும்.

பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குக் கம்பிக் கட்டு விழுந்து விரல் நசுங்கியது. நான் வேலை பார்த்த இடத்திலேயே நடந்தது. கிளினிக்கில் கட்டுப் போட்டுவிட்டு, எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வேண்டாம், நாளைக்கு வந்து சும்மா உட்கார், லைட் டியூட்டி என்றார்கள். அவன் கேட்காமல் அன்றிரவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். எலும்பு முறிவு என்று எழுதி எம்சி கொடுத்தார்கள். அந்த ஒரு சீட்டால்தான் விடுப்புச் சம்பளமும் இழப்பீடும் அவனுக்குக் கிடைத்தன. வேலையில் அடிபட்டால் மருத்துவச் செலவு கம்பெனி பொறுப்பு என்பது அங்கே சட்டம். இது தெரியாமல் ஊர் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளம் எப்படி ஏறும் என்று பலருக்குப் புரிவதில்லை. வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக கம்பெனி அரசாங்கத்துக்கு மாதாமாதம் லெவி என்கிற வரி கட்டுகிறது. கட்டுமானத்தில் 2024 ஜனவரியிலிருந்து, நம் ஊரிலிருந்து போகிற அடிப்படைத் திறன் ஆளுக்கு 900 வெள்ளி, உயர்திறன் ஆளுக்கு 500. லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, அது முதலாளி கட்ட வேண்டியது. ஆனால் அந்த 400 வெள்ளி வித்தியாசத்தை மனசில் வையுங்கள். நீங்கள் டெஸ்ட் முடித்து உயர்திறனுக்கு மாறினால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் கூட்டிக் கேட்க உங்களுக்கு அதுதான் பிடி. நான் பார்த்தவரை, மேலே வந்தவர்கள் எல்லோரும் முதல் பெர்மிட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனவர்கள். லிஃப்டிங், சேஃப்டி, சூப்பர்வைசர் கோர்ஸ் என்று எது கிடைத்தாலும் படித்தார்கள். டிப்ளமோ இருக்கிற உங்களுக்கு டிராயிங் படிக்கத் தெரியும். அது சைட்டில் பெரிய விஷயம். அப்புறம் இன்னொன்று, பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். ஊருக்கு வந்து மறுபடி ஏஜெண்டுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏஜெண்டைப் பணக்காரராக்கிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

வாழ்க்கை எப்படி இருக்கும் என்றால், விடியும் முன்னே லாரி. மத்தியானச் சாப்பாடும் அப்போதே பொட்டலமாக வந்துவிடும். சோறு ஒரு பொட்டலம், குழம்பு ஒரு பை. வெயிலில் சைட்டு ஓரத்தில் தொங்குகிற அந்தக் குழம்பு, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சில நாள் புளித்திருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் சூடாகச் சோறு தின்று வளர்ந்தவனுக்கு முதல் மாதம் இதுதான் பெரிய கஷ்டம். டார்மில், அதாவது தொழிலாளர் விடுதியில், சமைக்க இடம் இருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து சமைத்துக்கொள்ளுங்கள். உடம்பும் காசும் இரண்டும் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போனால் நம் ஊர்ப் பேச்சே காதில் விழும். பணம் அனுப்புகிற கடை வாசலில் ரேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் பட்டுக்கோட்டை, திருவாரூர், அறந்தாங்கி எல்லாம் இருக்கும். அந்தக் கடைகளின் வழியாகவோ பேங்க் ஆப் வழியாகவோ மட்டும் அனுப்புங்கள். பத்துப் பைசா அதிகம் என்று உண்டியலில், அதாவது கணக்கில் வராமல் பணம் மாற்றிவிடுகிற ஆளிடம், கொடுத்தால் காசு வராவிட்டால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

வீட்டுக்கு அனுப்புகிற காசைப் பற்றித்தான் நான் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முழுச் சம்பளத்தையும் அப்பா கணக்குக்கோ அண்ணன் கணக்குக்கோ அனுப்பாதீர்கள். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் சொல்லவில்லை. கையில் காசு இருக்கிற வீட்டில் செலவு தானாக வரும். காதுகுத்து, மொய், மாடி வீடு, மேட்டூர் திறந்ததும் நடவுச் செலவு என்று எல்லாம் நியாயமான செலவாகவே வரும். உங்கள் பேரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் இருக்கிறவருக்கான பேங்க் கணக்கு) திறந்து, மாதம் ஒரு பங்கு அதில் விழட்டும். அந்தக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது.

நிலம் வாங்கும் ஆசை உங்களுக்கும் இருக்கும். டெல்டாவில் பிறந்தவனுக்கு ரெண்டு மா நிலம் வாங்கினால்தான் சம்பாதித்ததாக நிம்மதி. ஆனால் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறவர் அந்நியச் செலாவணிச் சட்டப்படி இந்தியாவில் விவசாய நிலம் வாங்க முடியாது. முன்பே உங்கள் பேரில் இருந்தாலோ, பாகத்தில் வந்தாலோ வைத்துக்கொள்ளலாம். மனைக்கும் வீட்டுக்கும் தடை இல்லை. இதனால் பலர் காசை அனுப்பி, தம்பி பேரிலோ மச்சான் பேரிலோ கிரயம் செய்கிறார்கள். பத்து வருஷம் கழித்து வந்து கேட்கும்போது, நான்தானே பார்த்துக்கொண்டேன் என்கிற பேச்சு வரும். எங்கள் பக்கத்தில் இப்படி முகம் பார்க்காமல் போன அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். காசைச் சேர்த்து வையுங்கள், திரும்பி வந்து குடியேறியபின் உங்கள் பேரில் வாங்குங்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை, நீங்கள் கேட்டது சிங்கப்பூர். ஒன்று மட்டும். மலேசியாவோ துபாயோ, டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகாதீர்கள். கம்போடியா, மியான்மர், லாவோஸில் கம்ப்யூட்டர் வேலை, டேட்டா என்ட்ரி, பெரிய சம்பளம் என்று யாராவது சொன்னால் பேச்சையே வளர்க்காதீர்கள். 2022-லிருந்து நம் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படிப் போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு மீட்கப்பட்டிருக்கிறார்கள்.

ஊரிலேயே இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம். ஆனால் கடைமடையில் தண்ணீர் வந்தால்தான் குறுவை என்று இருக்கிற வீட்டுப் பிள்ளையிடம் நான் அதை அறிவுரையாகச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயா, சிங்கப்பூர் போன தலைமுறைக்கும் இதே காரணம்தான். இன்று இங்கே நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களும் வீட்டுக்குப் பணம் அனுப்பத்தான் வருகிறார்கள். அவர்களுக்குத் தங்க நல்ல இடமும் பேசிய கூலியும் கொடுக்க வேண்டும் என்று நான் ஊரில் சண்டை பிடிப்பேன், டார்மில் இருந்தவனுக்கு அது தெரியும்.

உங்களுக்கு என் யோசனை இது. அவசரப்படாமல் திருச்சியிலோ சென்னையிலோ ஒரு வருஷமாவது சைட்டில் வேலை பாருங்கள். அந்தச் சம்பளத்தில் டெஸ்ட் செலவைச் சேருங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கிற ஊர்க்காரர்களிடம் அவர்கள் கம்பெனி நேரடியாக ஆள் எடுக்கிறதா என்று விசாரியுங்கள். மொத்தச் செலவு, அங்கே உங்கள் கையில் நிற்கப்போகிற ஆறு மாதக் காசுக்குள் அடங்கினால் கிளம்புங்கள். ஐபிஏ வந்ததும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றையும் கீழே எழுதுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.