தண்டனைக்கு முன் நீதவான் அறிய வேண்டியவை

கேள்வி: என் தங்கச்சியின் கணவர் அவளை அடித்துக் கையை முறித்த வழக்கில், நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். அடுத்த மாதம் தண்டனை. "முதல் வழக்குத்தானே, ஒத்திவைத்த சிறைத்தண்டனைதான் கிடைக்கும்" என்கிறார்கள். ஆனால் அவள் மூன்று தடவை பொலிஸுக்குப் போய்ச் சமாதானமாகித் திரும்பியவள். ஒருமுறை கழுத்தை நெரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவையெல்லாம் நீதவானுக்குத் தெரியுமா?
– பெயர் குறிப்பிட விரும்பாத சகோதரி, களுவாஞ்சிக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

யாராவது எடுத்துச் சொல்லாவிட்டால் தெரியாது. தண்டனைக்கு முன் நீதவானுக்குக் கிடைப்பது முந்திய குற்றத்தீர்ப்புகளின் பதிவு. பொலிஸில் சமாதானமாக முடிந்த முறைப்பாடும், மத்தியஸ்த சபையில் எழுதிய இணக்கமும் அதில் இடம்பெறுவதில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பெறும் பாதுகாப்புக் கட்டளைகூட சிவில் பரிகாரம் என்பதால் குற்றத்தீர்ப்பாகக் கணக்கிடப்படாது. ஆகவே பல வருடங்களாக அடித்து வந்தவரும் ஒரே ஒரு நாள் கைநீட்டியவரும் அந்தத் தாளில் ஒன்றுபோலவே தெரிவார்கள். வேலிச் சண்டைக்கு உதவும் மத்தியஸ்தம், அடிப்பவரையும் அடிபட்டவரையும் ஒரே வாங்கில் இருத்திச் சமாதானம் பேசும்போது, இப்படித்தான் வரலாறு அழிந்துபோகிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது முறிந்த கையல்ல, நெரிக்கப்பட்ட கழுத்து. கை முறிவு எக்ஸ்ரேயில் தெரியும். கழுத்து நெரிப்போ பல வேளைகளில் வெளியே ஒரு தடயமும் இல்லாமல், குரல் கம்மியது, விழுங்கக் கஷ்டமாக இருந்தது என்ற இரண்டு வரிகளாக, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தரும் நோய்க்குறிப்பு அட்டையான டயக்னோசிஸ் காட்டில் ஒதுங்கிவிடும். அமெரிக்காவில் 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, துணைவரால் முன்பு கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கும் மேல் அதிகம் என்று கண்டது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், அவள் பிரிந்து போக எடுத்த முடிவு, பின்தொடர்தல் ஆகியவையும் ஆபத்தை மதிப்பிடுவோர் முதலில் கேட்பவை. பிரித்தானியாவின் கார்டிஃப் நகரில் 2003 இல் பொலிஸ், சுகாதாரத் துறை, குற்றவாளிகளைக் கண்காணிக்கும் நன்னடத்தைத் துறை, பெண்கள் அமைப்புகள் என்பன ஒரே மேசையில் அமர்ந்து இத்தகவல்களைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கின. நமக்கு அப்படி ஒரு மேசை அமையும்வரை, அந்தச் சேர்க்கும் வேலை உங்கள் தங்கச்சியின் கையில்தான் விழுகிறது. அது அநியாயம், ஆனாலும் தவிர்க்க முடியாதது.

மூன்று முறைப்பாடுகளின் பிரதிகளையும் பொலிஸ் நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள். இலக்கம் எழுதித் தந்த துண்டு தொலைந்திருந்தால் ஏறத்தாழ எந்தத் திகதி என்பதாவது வேண்டும். அவற்றையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் வழக்கை நடத்தும் பொலிஸ் அதிகாரியிடம் தவணைக்கு முன்னரே கொடுத்து, நீதவானிடம் சமர்ப்பிக்கக் கேளுங்கள். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அவர் குற்றவாளியாகக் காணப்பட்ட பின், தண்டனைக்கு முன், அக்குற்றம் தன் உடலையும் மனத்தையும் வாழ்வையும் எப்படிப் பாதித்தது என்று அவள் தானாகவோ சட்டத்தரணி மூலமோ மன்றுக்குச் சொல்லலாம். சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தரிடமிருந்து குற்றவாளியின் பின்னணியை விசாரித்து எழுதும் தண்டனைக்கு முந்திய அறிக்கையொன்றைக் கோரவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணி அதைக் கேட்கட்டும். வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவதால், ஒத்திவைத்த தண்டனையுடன் வெளியே வருபவர் திரும்புவது அவளுடைய வீட்டுக்கே. அதே வளவில் உங்கள் அம்மாவும் இருக்கலாம். ஆகவே தண்டனை எதுவானாலும், வீட்டுக்குள் நுழையத் தடைசெய்யும் பாதுகாப்புக் கட்டளைக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். 12 மாதம் வரை அது வழங்கப்படலாம், அவள் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்க முடியும். அவள் வேறிடத்தில் தங்குவதானால் அந்த விலாசத்தை மட்டும் எந்தக் காகிதத்திலும் எழுத வேண்டாம், மறுதரப்புச் சட்டத்தரணியும் கோப்பைப் பார்ப்பார். இடையில் மிரட்டல் வந்தால் 119 அல்லது பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

கழுத்து நெரிபட்ட அன்று கொடுத்த டயக்னோசிஸ் காட் எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றைக்கே அவளிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அனுமதித்த திகதியோடு ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்குப் போங்கள்; தவணைக்கு ஒரு மாதமே இருக்கிறது.