சிறுநீர் நுரைக்கிறது, மேகநோய் டெஸ்ட் எதற்கு?

கேள்வி: வயது 34. முகமும் காலும் வீங்குகின்றன, சிறுநீர் நுரைக்கிறது. டாக்டர் வி.டி.ஆர்.எல். என்ற மேகநோய் (சிபிலிஸ்) ரத்தப் பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார். மேகநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் உண்டு. சிபிலிஸ் கிருமியின் புரதமும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டிச் சவ்வில் படிகின்றன. சவ்வு கெட்டால் அல்புமின் என்ற ரத்தப் புரதம் சிறுநீரில் ஒழுகும், சிலருக்கு நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கும் மேல். சிறுநீர் நுரைப்பதும், காலையில் இமை உப்புவதும், கணுக்காலை அமுக்கினால் குழி விழுவதும் அதனால்தான்.

வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். ஆரம்பக் கட்டத்துக்கு பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், இடுப்புத் தசையில் ஒரே ஊசி. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தொற்றுக்கு வாரம் ஒன்றாக மூன்று. பென்சிலின் அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், உடல்வலி வரலாம், பயப்படாதீர்கள். நோயைக் கண்டறியாமல் ஸ்டீராய்டு தொடங்குவதுதான் பெரிய தவறு. பெரும்பாலோருக்குப் பென்சிலினிலேயே புரத ஒழுக்கு நின்றுவிடும். துணைவருக்கும் பரிசோதனை அவசியம்.