அத்திக்காய் கேள்விகள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து பதில்

சித்தூர்ப்புழை ஓரத்து அத்தி காய்த்ததும் நம் பக்கத்து ஆட்கள் கேட்டவை.

அண்ணா, எங்கள் வேலி மரத்தில் அடியிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. சமைக்கலாமா? (கோவிந்தாபுரம்)
பேயத்தியும் அடிமரத்தில்தான் காய்க்கும், காயை வைத்து முடிவுகட்டாதே தங்கச்சி. இலையைத் தடவிப் பார். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று, எதிரெதிராக ஜோடி போட்டிருந்தால் பேயத்தி. விட்டுவிடு. வழவழப்பாக இருந்து, பழம் சிவந்தால் நாட்டு அத்தி.

நறுக்கினால் கறுக்கிறது, துவர்ப்பும் போகவில்லை. (மீனாட்சிபுரம்)
காய் முற்றிவிட்டது அக்கா. நெல்லிக்காயைவிடச் சிறிய பிஞ்சாகப் பறியுங்கள். கையில் முதலில் தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் பால் பிசினாக ஒட்டும். இரண்டாக நறுக்கி உடனே மஞ்சள் கலந்த நீர்மோரில் போடுங்கள். அப்புறம் பிழிந்தெடுத்து, உப்புப் போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவரம்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் சேர்த்தால் கூட்டு. கொஞ்சம் துவர்ப்பு மிஞ்சத்தான் செய்யும். அதுகூட இல்லாவிட்டால் அத்திக்காய் எதற்கு? மிஞ்சிய பிஞ்சைப் புளித்த மோரில் ஊறவைத்துக் காயவைத்தால் வற்றல்.

பழத்தைப் பிட்டால் உள்ளே பூச்சி. மருந்து அடிக்கலாமா?
கூடவே கூடாது தம்பி. ‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை’ என்று சொல்வார்களே, அந்தப் பூச்சி இல்லாமல் அத்திக்கு விதை கிடையாது. பூவெல்லாம் காய்க்குள்தான் இருக்கிறது. நுனியில் உள்ள துளை வழியாகப் பொடிக் குளவி ஒன்று சிறகு பிய்ந்தாலும் நுழைந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். குஞ்சுகளில் ஆணுக்குச் சிறகே இல்லை. பெண்கள் வெளியேற வழி குடைந்து கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. பழுக்கும்போது குளவி பெரும்பாலும் பறந்திருக்கும், எறும்புதான் மிச்சம். நான் பிட்டு, தட்டி, தின்கிறவன். அருவருப்பாக இருந்தால் பிஞ்சோடு நிறுத்திக்கொள்.

கடையில் கோத்து விற்கும் அத்திப்பழம் இதுதானா?
இல்லை. அது சீமை அத்தி.

சர்க்கரைக்கு நல்லதாமே?
காயாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

வைத்தியத்துக்குப் பட்டை கேட்கிறார்கள், உரித்துக் கொடுக்கலாமா?
அத்தி, இத்தி, அரசு, ஆல் நான்கும் சேர்ந்ததுதான் கேரள வைத்தியத்தின் நால்பாமரம், அதற்காகக் கேட்பார்கள். கிளையைக் கழித்து அதில் உரிக்கச் சொல்லுங்கள். அடிமரத்தைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுப்போகும். கழித்த கிளையில் ஒரு போத்தை வாய்க்கால் கரையில் ஊன்றி வையுங்கள், கிணற்றுச் சுவரை விட்டுத் தள்ளி.